வண்டியை விட்டு இறங்காதவர்

என் தம்பி அழகுமுத்து, இவனால் ஆகாது என்று மற்றவர்கள் சொன்னதையெல்லாம் வென்றவன். அவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த அம்மையை வென்றான். அந்த வருடம் எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அம்மை கண்ட பிள்ளைகளில் பிழைத்தவன் அவன் மட்டுந்தான். ஆனால் அம்மை இறங்கும்போது இடது காதை முழுவதும், வலது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காது கேட்காதவனுக்குப் பாடம் சொல்ல முடியாதென்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். புல்லு வெட்டத்தான் லாயக்கு என்றார் கங்காணி. அவனோ ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் அறையில் வேலை வாங்கினான். அந்த அறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே அவனும் மற்றவர்களும் ஒன்றுதான். ஆபீஸ் கிளாக்கர்மார் மட்டும் ஆடிவந்த கேரம் போட்டியில் ஒரு வருடம் புகுந்து கிண்ணம் வாங்கினான். அதில் இப்போது எங்கள் வீட்டு விபூதி இருக்கிறது. கடைசியாக, செத்துப்போன ஒரு மனிதரைத் தோட்டத்துத் துரையின் காரிலிருந்து இறக்கினான். அதனால் மீனம்மாவைக் கட்டினான்.

இந்தக் கடைசி இரண்டைப் பற்றிப் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். சிலர் தம்பியை மந்திரவாதி என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். நான் கூட இருந்து பார்த்ததை, பார்த்தவர்களிடம் கேட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இறந்தவர் மாயாண்டி அண்ணன். மீனம்மாவின் அப்பா. துரையின் கறுப்புக் காரை வெகுகாலம் ஓட்டியவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே நின்றாலும் காரின் பொனட்டில், எஞ்சினை மூடியிருக்கும் அந்த முன்பக்க மூடியில், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நிற்பார். தட் தட் தட் என்று சேர்ந்தாற்போல மூன்று, கொஞ்சம் விட்டு ஒன்று. லயத்துக்குக் கீழே காரை நிறுத்தி இப்படித் தட்டினால் அவர் மனைவி காளியாயி அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கி வருவாள். "பொண்டாட்டியக் கூப்புட வாய் இல்லியா, தகரத்தத்தான் தட்டணுமா?" என்று ஏசிக்கொண்டேதான் வருவாள். ஆனாலும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

1955ஆம் வருடம் ஐப்பசி மழையில் துரையை ஹட்டன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு மாயாண்டி அண்ணன் தனியாகத் திரும்பினார். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரமாக ஒரு துண்டு நேர்ப்பாதை உண்டு. மற்ற இடமெல்லாம் வளைவு. ஐம்பது மைல் வேகத்தில் ஓட்ட இந்தப் பக்கத்தில் அந்த ஒரு துண்டை விட்டால் வேறு ரோடு கிடையாது. அங்கே கார் மண்மேட்டில் மூக்கை இடித்து நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு காயமில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெஞ்சு நின்றுபோனதாகச் சொன்னார்கள்.

காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் முன்பக்கத்தைச் சீர்செய்தார்கள். புதிய டிரைவராக வந்த செல்லசாமி அதை ஓட்டிக்கொண்டு வந்தான். ஹட்டன் வரை ஒன்றுமில்லை. வளைவுகளில் ஒன்றுமில்லை. ஆற்றோர நேர்ப்பாதையில் ஏறி வேகம் பிடித்ததும் பொனட்டுக்குள் யாரோ தட்டினார்கள். மூன்று, கொஞ்சம் விட்டு ஒன்று.

செல்லசாமி காரை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, துரையின் பெட்டியைக்கூட எடுக்காமல் லயத்துக்கு நடந்து வந்தான். அவன் முதலில் சொன்னது காளியாயி அக்காவிடம்.

"அக்கா, அண்ணன் இன்னும் வண்டியிலதான் இருக்காரு."

அவள் அழவில்லை. "எம்புட்டு வேகத்துல போன?" என்று கேட்டாள்.

"அம்பது."

"அவரு அம்பதுலதான் போவாரு" என்றாள்.

எங்கள் ஸ்டோரில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. கொழுந்து அரைக்கும் பெரிய ரோதையின் இரும்புக் குமிழ்தான் சாமி. அது யாருடைய கையையும் கேட்டுவிடக் கூடாதென்று எண்ணெய் வார்த்துக் குங்குமம் அப்பிக் கும்பிடுவோம். இரும்பில் ஏதாவது குடியிருந்தால் அதைக் குளிரவைக்க எண்ணெய் வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போன வழக்கம். காளியாயி அக்காவும் அதைத்தான் செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் துரை தேயிலை மலைக்குப் போன பிறகு, பங்களாவின் பின்பக்கத்துக் கராஜைச் செல்லசாமி திறந்துவிடுவான். இவள் பொனட்டைத் தூக்கச் சொல்லி, அதன் முன்மூலை இரண்டிலும் எண்ணெய் வார்த்துக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வருவாள். நல்லெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்த எண்ணெய் அது. அவள் போன வழியெல்லாம் அந்தக் கசப்பு வாடை நிற்கும்.

ஆனால் எண்ணெய் வார்க்க வார்க்கச் சத்தம் கூடியது. முதலில் நேர்ப்பாதையின் நடுவில் கேட்டது. பிறகு பாதையில் ஏறியதுமே கேட்டது. துரை கொழும்புக்குப் போனபோது அவிசாவளைக்கு அப்பால் சமதரை ரோட்டில் மைல்கணக்காகத் தட்டிக்கொண்டே வந்ததாம். செல்லசாமி திரும்பி வந்து, "அண்ணன் கொழும்பும் பாத்துட்டாரு. நான்தான் ஒண்ணையும் பாக்கல, கண்ண மூடிட்டு ஓட்டினேன்" என்றான். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

காளியாயி அக்கா இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தாள். "கோவம் ஆறல" என்றாள்.

இதில் தம்பிக்கு என்ன வந்தது என்றால், மாயாண்டி அண்ணன் இருக்கும்போதே மீனம்மாவை அவனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். துக்கம் கழிந்ததும் அவனுக்கு அக்காவாக நான் போய்க் கேட்டேன்.

"நல்ல பையன்தான், இல்லேங்கல" என்றாள் காளியாயி அக்கா. "ஆனா அவரு அந்த வண்டிய விட்டு எறங்குற வரைக்கும் என் வாசல்ல பந்தக்கால் நட மாட்டேன். அப்பன் ரோட்டுல அலையுறான், மக மாலை போட்டு நிக்கிறதா?"

"எப்ப எறங்குவாருன்னு யாருக்குக்கா தெரியும்?"

"எறங்கலேன்னா கல்யாணம் இல்ல. வேற இடத்துல பொண்ணு பாரு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மீனம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்தபோது என் பின்னால் வாசல்வரை வந்து, "வேற இடம் பாப்பீங்களா மதினி?" என்று மட்டும் கேட்டாள். மதினி என்று அவள் சொன்னதே எனக்குப் பதிலாக இருந்தது.

ஆடி மாதம் பிறந்தபோது இன்னொரு செய்தி வந்தது. துரை காரை விற்கப் போகிறார். தெற்கே காலி நகரிலிருந்து ஒரு முதலாளி வந்து வாங்கிக்கொள்வார். காளியாயி அக்கா அன்று சோறு தின்னவில்லை. முகம் தெரியாத ஊருக்கு, பாஷை தெரியாத ஆட்களோடு அவர் போய்விட்டால் பிறகு எங்கே இறங்குவார்? அவளுக்கு அது புருஷனை இரண்டாம் தரம் பறிகொடுப்பது. தம்பிக்கு அது மீனம்மா இல்லை என்று ஆவது.

அவன் நேரே பெரிய கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போய், அந்தச் சத்தத்தைப் பார்க்க அனுமதி கேட்டான். வாங்க வருகிறவர் வரும்வரை காரைப் பார்த்துக்கொள்ளட்டும், உடைத்தால் அவன் பொறுப்பு என்றார் துரை.

தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்காது. இதைச் சொல்லித்தான் எல்லாரும் கேலி செய்தார்கள். "செவிடனுக்குப் பேயி என்ன பண்ணும், கூப்புட்டாலும் திரும்ப மாட்டான்" என்றான் செல்லசாமி. தம்பி எப்போதும்போல உரத்த குரலில், "அதனாலதான்ணே நான் பாக்குறேன். நீ கேக்குற, நான் தொடுறேன்" என்றான்.

நேர்ப்பாதையில் முதலில் செல்லசாமியை மெதுவாக ஓட்டச் சொன்னான். சத்தமில்லை. அப்படியென்றால் இடத்தில் எதுவும் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது என்றான். பிறகு வேகம் பிடித்ததும் கியரை எடுத்துவிட்டு எஞ்சினை நிறுத்தி, கார் தானாக உருளும்படி விடச் சொன்னான். எஞ்சின் செத்த பிறகும் பொனட் தட்டியது. இதைச் சொல்லும்போது செல்லசாமியின் கைமயிர் நின்றதை நான் பார்த்தேன். ஓடுகிற எஞ்சினுக்குமேல் கேட்ட சத்தம் ஒன்று. அடங்கிப்போன காருக்குள், டயர் உருளும் இரைச்சலுக்கு மேலே, அதே மூன்றும் ஒன்றும் தெளிவாகக் கேட்பது வேறு. தம்பியோ, "அப்ப எஞ்சின் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தரையிலும் ஸ்டியரிங் தண்டிலும் கையை வைத்துப் பார்த்தான். அங்கே நடுக்கமில்லை. சக்கரங்களும் இல்லை என்றான்.

கொட்டகலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ராசிக் நானாவிடம் போய்க் கேட்டான். அவர் காரின் படத்தை விரலால் மேசையில் வரைந்து, "காத்து முன்னால பூந்து மூடியத் தூக்குதோ என்னமோ. கயித்தால இறுக்கிக் கட்டி ஓட்டிப் பாருங்க தம்பி. நின்னா காத்து. நிக்கல்லன்னா நான் ஓதித் தாறேன், நீங்க உங்க சாமிக்கும் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் இருக்கட்டும்" என்றார். கயிற்றுக்குக் காசு வாங்கவில்லை.

கயிறு கட்டி ஓட்டிய அன்று நானும் பின்சீட்டில் இருந்தேன். காளியாயி அக்காதான் என்னைப் போகச் சொன்னாள். "ஒன் தம்பிக்கு என்னமும் ஆச்சுன்னா நாளைக்கு என்னையக் கேக்கக்கூடாது" என்றாள். மத்தியானம்தான். ஆனால் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிப் பாதையின் இரண்டு ஓரமும் தெரியவில்லை. கயிறு கட்டி ஒரு தரம் ஓடினோம். ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தடியில் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தான். அதே கயிற்றால் தன் இடுப்பை முன்பக்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்தை மூடும் இடது மட்காட்டின்மேல் குந்தி, உள்ளங்கையைப் பொனட்டில் விரித்து வைத்தான். போகச் சொல்லித் தலையை ஆட்டினான்.

நான் அன்றுதான் அதை என் காதால் கேட்டேன். தகரம் ஆடுகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு வீட்டுக் கதவை, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்து ஒருவர் தட்டுவார் அல்லவா, அந்த அவசரமில்லாத தட்டு. தம்பி கையை அழுத்தினான், நின்றது. எடுத்தான், தட்டியது. மறுபடி வைத்தான், நின்றது. கேள்வியும் பதிலும்போல அது நடந்தது. செல்லசாமி வாய்க்குள் முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். பனிக்குள் தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்தச் சத்தம் எட்டாத அவன், ஒரு கையால் அந்தத் தட்டலை நிறுத்தியும் விட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கியதும், "மூல தூக்குதுக்கா. முன்னால ரெண்டு மூலையும்" என்றான்.

கராஜில் பொனட்டைத் திறந்தான். முன்மூலைகளில் மூடி வந்து உட்கார இரண்டு ரப்பர் கட்டைகள் உண்டு. அவற்றின் தலையில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினான். காளியாயி அக்கா அங்கே வைத்திருந்த குங்குமந்தான். பொனட்டை மூடி, மறுபடி திறந்து, அடிப்பக்கத்தைப் பார்த்தான். சிவப்பு ஒட்டவில்லை. மூடி அந்தக் கட்டைகளில் உட்காரவே இல்லை. நடுவில் இருக்கும் கொழுக்கி ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேகத்தில் காற்று நுழைந்தால் இரண்டு மூலையும் எழும்பி எழும்பி விழும்.

ஒரு கட்டையைப் பெருவிரலால் அழுத்தினான். வெந்த வள்ளிக்கிழங்குபோல அது அமுங்கியது. விரலோடு கறுப்பாக எண்ணெய் வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு விரலை என்னிடம் நீட்டினான். வேப்பெண்ணெய்.

இரும்புக்கு எண்ணெய் நல்லது. ரப்பருக்கு அது நஞ்சு. வெள்ளிக்கு வெள்ளி வார்த்த எண்ணெய் வழிந்து வழிந்து கட்டைகளைத் தின்றிருந்தது. அவரை அமைதிப்படுத்த அவள் ஊற்றியதுதான் அவரைத் தட்டவைத்தது.

"சொல்லப் போறியா?" என்றேன்.

அவன் என் வாயைப் பார்த்தான். என் பேச்சை அவன் பாதி காதாலும் பாதி கண்ணாலும் கேட்பான். "சொல்லாட்டி மறுபடி ஊத்தும். சொன்னா, புருஷனே இல்ல, எண்ணெதான்னு ஆயிரும். பொண்ணு குடுக்குமா?" என்று திருப்பிக் கேட்டான்.

பழைய லொறி டயரிலிருந்து கட்டைகள் வெட்டிப் பொருத்தினான். குங்குமம் பூசி மூடித் திறந்தபோது அடியில் இரண்டு மூலையிலும் சிவப்பு வட்டமாக விழுந்திருந்தது. மறுநாள் காளியாயி அக்காவைக் காரில் ஏறச் சொன்னான்.

புருஷன் அத்தனை காலம் ஓட்டிய காரில் அவள் ஏறியது அதுவே முதல் தடவை. முன்சீட்டில் செல்லசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. பின்னால் தம்பி, நான், மீனம்மா. நேர்ப்பாதையில் ஏறினோம். முப்பது. நாற்பது. ஐம்பது. காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது.

"இன்னொருக்கா போ" என்றாள்.

திரும்பிப் போனோம். ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் போகச் சொன்னாள். இம்முறை முன்னால் சாய்ந்து, காதைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனாள். கதவுக்கு வெளியே நிற்பவரை உள்ளே கூப்பிடலாமா என்று யோசிப்பவளைப்போல இருந்தது அவள் முகம். பாலத்தடியில் கார் நின்றது.

"எறங்கிட்டாரு" என்றாள். மீனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காளியாயி அக்கா இறங்கிப் போத்தலின் மூடியைத் திறந்தாள். கடைசியாக ஒரு தரம் வார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். தம்பி குறுக்கே வந்து போத்தலைத் தன் கையால் பொத்தினான்.

"வேணாம் அத்தை."

"ஏன்? அவருக்கு ஊத்துறதுல ஒனக்கு என்ன?"

செல்லசாமிகூட வேறு பக்கம் பார்த்தான். தம்பி சொல்லிவிட்டான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையில் கொழுந்தெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி சொன்னான். "எண்ணெதான் அத்தை ரப்பரத் தின்னுச்சு. ரப்பரு போனதால மூடி ஆடுச்சு. தட்டினது அதான். மறுபடி ஊத்துனா மறுபடி தட்டும்."

அவள் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிச்சயம் அறைந்துவிடுவாள் என்று நான் பயந்தேன். பிறகு தலையைத் தூக்கி, அவன் கண்ணுக்கு நேரே வாயைக் காட்டிக் கேட்டாள்.

"செல்லசாமி கொழும்புலேருந்து வந்த அன்னிக்கு தட்டுச்சே. அன்னிக்கு நான் எண்ணெயே ஊத்தல. அந்த ரப்பரு எப்புடி இருந்துச்சு?"

தம்பி செல்லசாமியைப் பார்த்தான்.

"புதுசு" என்றான் செல்லசாமி. "நான் எறங்கி மூடியத் தொறந்து பாத்தேன். கொழும்புல போட்ட சாக்குக்கட்டி அடையாளம்கூட அழியாம இருந்துச்சு. மூடி அதுல அழுந்தி உக்காந்திருந்துச்சு. ஆடவே எடமில்ல."

"அப்ப அது யாரு?" என்று தம்பியிடம் கேட்டாள்.

காற்று என்று சொல்லியிருக்கலாம், கொழுக்கி தளர்ந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கையால் தொட்டுப் பார்க்காத எதையும் சொல்லமாட்டான்.

"அது எனக்குத் தெரியல அத்தை" என்றான்.

காளியாயி அக்காவின் முகம் அப்போதுதான் இளகியது. போத்தலை மூடி மடியில் செருகினாள். "ஒரு தடவ தட்டினாரு" என்றாள். "வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லத் தட்டிருக்காரு. எல்லாத் தடவையும் போயி நின்னேன், அன்னிக்குத்தான் நான் எறங்கி வரல. மத்ததெல்லாம் நான் தட்டினது." தம்பியைக் காட்டி, "பொய் சொல்லத் தெரியாதவன். இவனுக்குக் குடுக்கலாம்" என்றாள். தம்பிக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை. மீனம்மா சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டான்.

காலி முதலாளி வந்து காரை வாங்கிப் போனார். நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். நேர்ப்பாதையில் அது வேகமெடுத்துப் பனிக்குள் போனது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காளியாயி அக்கா தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றாள். லயத்துக்குத் திரும்பியதும் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றி, ஒரு கோப்பையை வாசலில் வைத்தாள். அது ஆறும்வரை யாரையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை.

ஆவணியில் பந்தக்கால் நட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் தாலி கட்டியதோடு விட்டுவிடுவார்கள். கல்யாணத்தைப் பதிந்தால்தான் நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு கடுதாசி இருக்கும் என்று மீனம்மா பிடிவாதமாக நின்றாள். அதுவரை தம்பி சம்பளத்துக்கும் அரிசிக்கும் பெருவிரலைத்தான் வைத்துவந்தான். கல்யாணத்துக்கு முந்திய நாட்களில் மீனம்மா அவன் பெயரைக் கரியால் தேயிலைப் பெட்டிப் பலகையில் எழுதிக் கொடுத்தனுப்பினாள். எஞ்சின் அறையில் அதை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, சாமானைக் கழற்றி மாட்டுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பழகினான்.

பதிவுகாரர் வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்திவைத்தார். தம்பி அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டான். காளியாயி அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவசரப்படாமல் எழுதினான். கடைசிக்கு முந்திய எழுத்தின்மேல் புள்ளியும் வைத்து, கடைசி எழுத்தையும் முடித்தபோது, 1956ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை.